ஃப்ளஷ் விழுமா? போக்கரில் வாய்ப்பைக் கணக்குப் போடும் முறை

நம் டெல்டா பக்கம் பதின்மூன்று சீட்டு ஆடத் தெரியாத குடும்பம் அபூர்வம். கல்யாண மண்டபத்தில் முதல் நாள் ராத்திரி ஜமக்காளத்தை விரித்தால் விடிய விடிய ரம்மி ஓடும். ரம்மி கை வந்தவர்களுக்குப் போக்கரும் சீக்கிரம் பிடிபடும். ஆனால் கணக்கு என்று வரும்போது அதே ரம்மிப் பழக்கம் ஓரிடத்தில் காலை வாரிவிடும். மன்னார்குடியில் சித்தப்பா பிள்ளைகளுக்கு டெக்ஸாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையைச் சொல்லிக் கொடுத்தபோது எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

கையில் இரண்டு சீட்டு, நடுவில் ஃப்ளாப் மூன்று, டர்ன் ஒன்று, ரிவர் ஒன்று, எந்தக் கை எதை ஜெயிக்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: அவுட் எண்ணுங்கள்

கையை முடித்துக் கொடுக்கும் சீட்டுகள்தான் அவுட். உங்களிடம் ஆட்டின் ஆஸ், ஆட்டின் 9. ஃப்ளாப்பில் ஆட்டின் ராஜா, ஆட்டின் 4, இஸ்பேட் 7. ஃப்ளஷுக்கு, அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டுக்கு, இன்னும் ஓர் ஆட்டின் வேண்டும். நான்கு ஆட்டின் கண்ணில் பட்டாயிற்று. மொத்தம் 13, மீதி 9 அவுட்.

ஸ்ட்ரெய்ட்டில், அதாவது வரிசையாக வரும் ஐந்து சீட்டில், 6-7-8-9 போல இரண்டு பக்கமும் திறந்திருந்தால் 8 அவுட். 6-7-9-10 போல நடுவில் ஓட்டை என்றால் 4தான்.

இரண்டும் சேர்ந்து வந்தால் கவனம். கையில் ஆட்டின் 8, 9. ஃப்ளாப்பில் ஆட்டின் 6, ஆட்டின் ராஜா, கிளாவர் 7. ஃப்ளஷுக்கு 9, ஸ்ட்ரெய்ட்டுக்கு 8, ஆக 17 என்று போடக் கூடாது. ஆட்டின் 5, ஆட்டின் 10 இரண்டும் இரண்டு கணக்கிலும் வந்துவிட்டன. சரியான எண் 15.

படி 2: எதால் வகுப்பது?

எல்லோரும் நின்ற இடம் இதுதான். 52-ல் உங்கள் கை 2, ஃப்ளாப் 3 போக மீதி 47. "அண்ணே, சுத்தி மூணு பேர் இருக்கோம், ஆளுக்கு ரெண்டு சீட்டு போயிடுச்சு. அந்த ஆறைக் கழிக்க வேணாமா?" என்று கேட்டான் பெரியவன்.

வேண்டாம். ரம்மியில் கீழே இறங்கிய சீட்டைக் கண்ணால் பார்க்கிறோம், அதனால் கழிக்கிறோம். இங்கே எதிராளி கையில் இருப்பது நமக்குத் தெரியாது. அந்த ஆறில் ஆட்டினும் இருக்கலாம், ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். கட்டில் கிடந்தாலும் அவன் கையில் கிடந்தாலும், நாம் பார்க்காத சீட்டு பார்க்காத சீட்டுதான்.

நம்பிக்கை வராவிட்டால் இப்படிச் செய்து பாருங்கள். அந்த 47 சீட்டையும் நன்றாகக் கலைத்துக் கவிழ்த்து வையுங்கள். மேலிருந்து ஆறு சீட்டைத் திருப்பாமல் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு ஏழாவதைத் திருப்புங்கள். அது ஆட்டினாக இருக்கும் வாய்ப்பு 9/47. முதல் சீட்டையே திருப்பியிருந்தாலும் அதே 9/47தான். ஆறை மட்டும் கழித்து 9/41 என்று போட்டால், ஒன்பது ஆட்டினும் கட்டில்தான் இருக்கிறது என்று நீங்களாகவே முடிவு கட்டியதாக ஆகிவிடும்.

ஆக, டர்னில் ஃப்ளஷ் விழ 9/47, அதாவது 19.1%. டர்னில் விழாமல் போய் ரிவரில் விழ 9/46, 19.6%.

படி 3: இரண்டு சீட்டுக்கும் சேர்த்து

இரண்டையும் கூட்டினால் 38.7% வரும். அது தப்பு, ரிவரின் 9/46 டர்னில் விழாத ஆட்டங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். விழாமல் போவதைக் கணக்கிடுவது சுலபம்: 38/47 × 37/46 = 65%. நூறில் கழித்தால் 35%.

இதே வழியில் 8 அவுட்டுக்கு 31.5%, 4 அவுட்டுக்கு 16.5%, 15 அவுட்டுக்கு 54.1%.

ஆட்டத்தின் நடுவே இதையெல்லாம் போட முடியாது. ஒரு சீட்டு வர வேண்டுமென்றால் அவுட்டை 2-ஆல் பெருக்குங்கள், இரண்டு சீட்டு என்றால் 4-ஆல். அவுட் 8-ஐத் தாண்டினால், 4-ஆல் பெருக்கிய பிறகு தாண்டிய அளவைக் கழியுங்கள். 15 × 4 = 60, அதில் 7 போக 53. இது போதும். இதற்கென்று இருக்கும் ஆப்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்; விடையைக் காட்டுமே தவிர கணக்கு கைக்கு வராது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கமும் ஒரு பென்சிலும் இருந்தால் தாராளம்.

படி 4: கொடுக்கும் விலைக்குத் தகுமா?

நாங்கள் புளியங்கொட்டை வைத்துத்தான் ஆடினோம். நீங்களும் அப்படியே ஆடுங்கள். காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ல் வந்த மத்திய சட்டம் தடை செய்துவிட்டது.

நடுவில் 30 கொட்டை. எதிராளி 15 வைக்கிறான். நீங்களும் 15 வைத்தால் மொத்தம் 60. 15/60 = 25%. உங்கள் வாய்ப்பு 25-ஐத் தாண்டினால் வைக்கலாம், இல்லையென்றால் பொதுவாகக் கையை மடக்கிவிடலாம்.

அதே ஃப்ளாப், அதே 9 அவுட். இப்போது எந்த எண்ணை எடுப்பது, 19-ஆ 35-ஆ? அந்த 15தான் எதிராளியின் கடைசிக் கொட்டை என்றால் மேற்கொண்டு செலவில்லாமல் இரண்டு சீட்டையும் பார்க்கலாம். 35%, தாராளமாக வையுங்கள். அவனிடம் இன்னும் குவியல் இருந்தால் டர்னில் மறுபடி கேட்பான். இந்த 15 வாங்கித் தருவது ஒரே ஒரு சீட்டு. 19% போதாது. ஃப்ளஷ் விழுந்த பிறகு அவனிடமிருந்து இன்னும் கொட்டை கறக்க முடியும் என்று தோன்றினால் கொஞ்சம் தளர்த்தலாம், ஆனால் அதை ஆசையாக வளர்த்துக்கொள்ள வேண்டாம். 4-ஆல் பெருக்குவது சுகமாக இருக்கிறது என்பதற்காக எப்போதும் பெருக்குகிறவர்கள்தான் சீக்கிரம் கொட்டை தீர்ந்து எழுந்து போகிறார்கள்.

பின்சேர்க்கை 1: ஃப்ளஷ் விழுந்தும் தோற்றதாகச் சிலர் சொன்னார்கள். எல்லா அவுட்டும் சுத்தம் இல்லை. மேலே சொன்ன முதல் கையில் ஆட்டின் 7 வந்தால் நடுவில் ஏழு ஜோடியாகிவிடும். எதிராளி கையில் இரண்டு நாலு இருந்தால், நடுவில் இருக்கும் நாலோடு சேர்ந்து அவனுக்கு ஃப்ளஷை ஜெயிக்கும் ஃபுல் ஹவுஸ். சந்தேகமாக இருந்தால் ஓர் அவுட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்டின் இரண்டும் சின்னதாக இருந்தால் பெரிய ஃப்ளஷிடமும் மாட்டலாம்.

பின்சேர்க்கை 2: ரம்மிக்கும் கேட்டார்கள். இரண்டு கட்டு, இரண்டு ஜோக்கர் என்றால் 106 சீட்டு. உங்கள் 13, திருப்பிய ஜோக்கர் ஒன்று, திறந்த சீட்டு ஒன்று போக 91. ஜோக்கர் சேராத ஒரிஜினல் வரிசைக்கு ஒரே இனத்தில் 5-6 வைத்திருந்தால் 4 அல்லது 7 வேண்டும், ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக 4/91. 5-7 வைத்திருந்தால் 6 மட்டும்தான், 2/91. அதாவது பாதி. இங்கே கீழே இறங்கியவற்றைத் தாராளமாகக் கழிக்கலாம், அவை கண்ணில் பட்டவை.