மிச்சமான மார்ஃபின் மாத்திரை: வீடுகளில் நான் பார்க்கும் தவறுகள், நான் செய்த தவறு

போன மாதம், எங்கள் வீட்டுப் பராமரிப்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். வாய்ப் புற்றுநோயில் ஐந்து மாதம் படுத்திருந்தவர் இறந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. அவர் மனைவி மாத்திரை அட்டைகளையும் கணக்கு நோட்டையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். கடும் வலிக்குக் கொடுக்கும் 10 மில்லிகிராம் மார்ஃபின். நோட்டில் கடைசி வரி: மிச்சம் 42.

அந்தப் பெண் என் காதோரம் குனிந்து, "அக்கா, இதை அடுத்த தெரு தாத்தாவுக்குக் குடுத்துரலாமா? அவருக்கும் இதே பத்து மில்லிதான?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் கேட்கவாவது செய்தாள். நான் அந்த வயதில் யாரையும் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். 'குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்' என்று அட்டையிலேயே அச்சடித்திருப்பதை எல்லாம் விட்டுவிடுகிறேன்.

தலைமாட்டில் தொங்கும் மஞ்சப்பை

மதுரைப் பக்கம் நான் போகிற வீடுகளில் ஸ்கேன் ஃபிலிம், ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, மாத்திரை எல்லாம் ஒரே மஞ்சப்பையில் இருக்கும். பை, கட்டில் தலைமாட்டு ஆணியில் தொங்கும். வலி வரும்போது தேடிக்கொண்டிருக்கக் கூடாதே என்பார்கள். நியாயம்தான். ஆனால் படுத்திருப்பவரைப் பார்க்க எத்தனை பேர் வருகிறார்கள்! ஆப்பிள் பையோடு வந்து உட்கார்ந்து, 'ரிப்போர்ட் எங்க, காட்டு' என்று பையைக் குடையாமல் எழுந்துபோன சொந்தக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. அவர்களில் ஒருவருக்கு முதுகுவலி இருக்கலாம். ஒருவருக்குப் போதைப் பழக்கம் இருக்கலாம். வெளியே சொல்லாத மனக்கஷ்டத்தில் ஒருவர் இருக்கலாம்.

பிரஷர் மாத்திரையும் மலச்சிக்கல் மருந்தும் பையிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். மார்ஃபின், ட்ரமடால் என்ற வலி மருந்து, வலிக்கு ஒட்டும் ஃபென்டனில் பிளாஸ்திரி, இவை மூன்றும் பீரோ லாக்கருக்கோ பூட்டுப் போட்ட தகரப் பெட்டிக்கோ போக வேண்டும். அப்புறம் ஒரு நோட்டு. தேதி, நேரம், எத்தனை கொடுத்தோம், மிச்சம் எத்தனை, இந்த நான்கு கட்டம் போதும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, நடுராத்திரி எழுப்பாமல் இருக்கப் படுக்கும்போது இரண்டு என்று மருத்துவர் எழுதியிருந்தால் ஒரு நாளைக்கு 6, இரண்டு வாரத்துக்கு 84. கணக்கு ஒன்று இடித்தாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். மருமகளை வேவு பார்க்க இந்த நோட்டைப் பயன்படுத்திய மாமியாரையும் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை.

சாவியோடு ஊருக்குப் போவது

ஒரு மகன் அப்படி பீரோ சாவியோடு ஊருக்குப் போனார். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா துடித்த துடிப்பில் பீரோவை உடைத்தார்கள். சாவி இருக்கும் இடம் இரண்டு பேருக்குத் தெரியட்டும்.

அட்டையைக் கத்தரித்து வைப்பது

பெயரும் காலாவதித் தேதியும் கத்தரித்த துண்டோடு போய்விடும். வேண்டாம்.

'வீணாப் போகுதே' என்ற நல்ல மனசு

இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. இன்றைக்கும் எரிச்சல் வருகிற விஷயம் இது, முக்கியமாக என் மேலேயே.

இந்த மனசு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் வைத்திருக்க ஒரு மருத்துவமனை பல உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. பல இடங்களில் 'நமக்கு ஏன் வம்பு' என்று மருந்தையே விட்டுவிட்டார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் வாங்கும் ஒரே அனுமதி போதும் என்று ஆக்கிய பிறகுதான் மூச்சு விட முடிந்தது. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் இரண்டு பஸ் மாறிப் போய் மார்ஃபின் வாங்கி வந்த குடும்பங்கள் உண்டு. அப்படி வந்த மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டு என்றால் யாருக்கு மனசு வரும்?

எனக்கும் வரவில்லை. தாயை இழந்த ஒரு மகளிடம், "தூக்கிப் போட்டுராதம்மா, யாருக்காவது ஆகும். பத்திரமா வை, அடுத்த வாட்டி வரும்போது வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இரண்டு வாரம் விடுப்பில் போய்விட்டேன்.

அவளும் பத்திரமாகத்தான் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு மூட்டுவலி. ஒரு ராத்திரி அழுதிருக்கிறார். 'சிஸ்டரே யாருக்காவது ஆகும்னு சொன்னாங்களே' என்று இவள் இரண்டு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். அவள் அம்மா ஒரு வேளைக்கு மூன்று போட்டவர், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்ற நம்பிக்கை. பெரியம்மாவுக்குப் பல வருடச் சர்க்கரை, சிறுநீரகமும் பழுது.

காலையில் எட்டு மணிவரை குறட்டை விட்டுத் தூங்கினார். 'பாவம், பல நாள் கழிச்சுத் தூங்குறா' என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். பிறகு எழுப்பினால் எழவில்லை. மூச்சு நின்று நின்று வந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது, கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது. யாரோ உப்புத் தண்ணீர் கரைத்துக் கொண்டு வந்தார்களாம். நல்லவேளை, அதற்குள் 108 வந்துவிட்டது. நினைவில்லாதவர் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வண்டியைக் கூப்பிட்டு, மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போவதுதான் நாம் செய்யக்கூடியது.

மருத்துவமனையில் மார்ஃபினை முறிக்கும் நலோக்சோன் ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்து, வீட்டுக்குப் போகணும் என்றாராம். மருத்துவர் விடவில்லை. அந்த ஊசியின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், மார்ஃபின் அதற்கப்புறமும் உடம்பில் இருக்கும், சிறுநீரகம் சரியில்லை என்றால் இன்னும் நேரம் தங்கும். அதே மாதிரி சாயங்காலம் மறுபடி மயங்கினார். மறுபடி ஊசி. மூன்றாம் நாள்தான் வீடு திரும்பினார். பொதுச் சுவர் வைத்த இரண்டு வீடுகளுக்கும் இடையில் பேச்சு நின்றுபோனது. நான் சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது இது.

அந்த மகளுக்குப் புரியாதது, நான் புரிய வைக்காதது இதுதான். மார்ஃபினுக்கு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். அவள் அம்மா 5 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் பழகி, 30க்கு வந்தவர். பழகாத உடம்புக்கு, அதுவும் வயதான, சிறுநீரகம் பழுதான உடம்புக்கு, அந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. கூடவே தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்ந்தால் மூச்சு இன்னும் அமுங்கும். அடுத்த தெரு தாத்தாவுக்கும் கொடுக்கக் கூடாது. அவருக்கு எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவர் எழுதி, பதிவேட்டில் ஏறி, அவர் பெயரில் வர வேண்டும். பரிதாபப்பட்டுக் கைமாற்றினாலும் சட்டத்தின் முன் அது குற்றம்தான். சோறு மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்போம், மார்ஃபினை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்துபோய் அப்பாவின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அவருக்கென்று எழுதிய அளவில் அது அவருக்கு மருந்து. நிறுத்தினால் வலியில் துடிக்கப் போகிறவர் அவர்.

உரித்த பிளாஸ்திரியைக் குப்பைக் கூடையில் போடுவது

ஃபென்டனிலும் மார்ஃபின் வகை வலி மருந்துதான். அந்தப் பிளாஸ்திரியை மூன்று நாள் கழித்து உரிக்கும்போதும் அதில் கணிசமான மருந்து ஒட்டிக்கொண்டிருக்கும். தரையில் தவழும் குழந்தைக்கு அது ஒரு ஸ்டிக்கர். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் எச்சரித்தபோது, அதற்கு முந்தைய 15 வருடங்களில் குழந்தைகள் தெரியாமல் இந்தப் பிளாஸ்திரியிடம் சிக்கிய 26 சம்பவங்களைக் கணக்கில் எடுத்தது. அதில் 10 குழந்தைகள் இறந்திருந்தார்கள். உரித்த கையோடு பசைப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து ஒட்டி, கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். பாயிலோ போர்வையிலோ தானாகக் கழன்று விழுந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

எங்கே போடுவது என்று தெரியாமல் வைத்திருப்பது

மருந்து கொடுத்த மருத்துவமனையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் கழிப்பறைதான். மற்ற மருந்துகளைத் தண்ணீரில் விடக் கூடாது என்பது சரி, ஆன்டிபயாடிக்கைக் கொட்டினால் நானே சண்டைக்கு வருவேன். ஆனால் இந்த வகை மருந்து ஒரே ஒரு வேளை தவறான ஆள் கையில் போனாலும் உயிர் போகலாம். அதனால்தான் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 17 மருந்துகளை மட்டும் தனியாகப் பிரித்து, கழிப்பறையில் விடச் சொல்லியிருக்கிறது. மார்ஃபின், ஃபென்டனில், ட்ரமடால், டேப்பென்டடால் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கழிப்பறை வசதி இல்லாத வீட்டில், மாத்திரையைப் பொடிக்காமல் மண்ணோடும் பழைய டீத்தூளோடும் கலந்து, பையில் இறுகக் கட்டிக் குப்பை வண்டியிலேயே போடச் சொல்கிறேன். காலி அட்டையையும் சீட்டையும் பெயர் தெரியாமல் கிழித்துப் போட வேண்டும். எரிக்க வேண்டாம்.

அந்தத் துக்க வீட்டில் மனைவி முன்னால் அட்டைகளைப் பிரித்து எண்ணினோம். 41 வந்தது. புதுப் பெண் மறுபடி எண்ணினாள், மறுபடியும் 41. நோட்டில் 42. அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது. தலைமாட்டு ஆணியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த மஞ்சப்பையைப் புதுப் பெண் கழற்றி, உள்ளே இருந்ததை எல்லாம் பாயில் கொட்டினாள். ஸ்கேன் கவரின் மடிப்பில், ஒற்றை மாத்திரையோடு கத்தரித்த ஒரு துண்டு அட்டை இருந்தது.