வைட்டமின் ஈ காப்ஸ்யூல்: இயற்கையா, செயற்கையா என்று கண்டுபிடிப்பது எப்படி?

டப்பாவின் முன்பக்கம் 'நேச்சுரல்' என்று எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பின்பக்கம் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் கலவை விவரத்தைப் படியுங்கள். டோகோஃபெரால் என்பது வைட்டமின் ஈ-யின் வேதிப்பெயர். 'டி-ஆல்ஃபா டோகோஃபெரால்' என்றால் இயற்கை வடிவம். 'டிஎல்-ஆல்ஃபா' என்றால் செயற்கை. நடுவில் ஒரே ஒரு 'எல்'தான் வித்தியாசம். பலரும் கோட்டை விடுவது அங்கேதான். முன்னொட்டே இல்லாமல் வெறும் 'டோகோஃபெரைல் அசிடேட்' என்றிருந்தால் செயற்கை என்றே வைத்துக்கொள்ளலாம். கூடுதல் செலவு செய்து இயற்கை வடிவத்தைச் சேர்க்கும் கம்பெனி அந்த 'டி'யைப் போடாமல் விடாது.

'அசிடேட்' என்ற சொல்லைப் பார்த்ததும் செயற்கை என்று நினைத்துவிட வேண்டாம். காற்றுப் பட்டு கெடாமலிருக்க இரண்டு வடிவங்களிலும் அதைச் சேர்ப்பார்கள். குடலில் அது பிரிந்துவிடும். இன்னொன்று: 'இயற்கை' வைட்டமின் ஈ பெரும்பாலும் சோயா எண்ணெய்ச் சுத்திகரிப்பின் கழிவிலிருந்து வருவது. அதில் அதிகம் இருப்பது ஆல்ஃபா அல்ல, காமா என்ற இன்னொரு வகை டோகோஃபெரால். ஆலையில்தான் அதை ஆல்ஃபாவாக மாற்றுகிறார்கள்.

மூலக்கூறில் என்ன வேறுபாடு? ஆல்ஃபா டோகோஃபெராலில் மூன்று கார்பன் அணுக்கள் வலம், இடம் என இரு விதமாக அமையலாம். ஆக மொத்தம் எட்டு வடிவங்கள். செடி உருவாக்குவது அதில் ஒன்றை மட்டும். ஆலையில் எட்டும் கலந்து வரும். கல்லீரலில் உள்ள ஒரு புரதம் அவற்றில் நான்கைத்தான் பிடித்து ரத்தத்துக்கு அனுப்பும். மீதி நான்கு, இடது காலுக்கு வாங்கிய வலது செருப்பு மாதிரி, பொருந்தாமல் வெளியேறும்.

அதனால் கணக்கு இப்படி: அட்டையில் ஐ.யு. (சர்வதேச அலகு) என்றிருந்தால், உடலுக்குப் பயன்படும் மி.கி. அளவு தெரிய, இயற்கைக்கு 0.67ஆலும் செயற்கைக்கு 0.45ஆலும் பெருக்குங்கள். 400 ஐ.யு. என்பது முறையே 268, 180 மி.கி. அமெரிக்கப் பரிந்துரையோ பெரியவர்களுக்கு நாளுக்கு வெறும் 15 மி.கி.! வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. ரத்தக்கசிவு அபாயம் கூடும். மற்றவர்கள் எண்ணெய், நெய் சேர்ந்த சாப்பாட்டோடு எடுக்கலாம். வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது.

வைட்டமின் சி-க்கு இந்த ஆராய்ச்சி வீண். நெல்லிக்காயிலும் மாத்திரையிலும் இருப்பது ஒரே எல்-அஸ்கார்பிக் அமிலம். ஃபோலேட் என்ற பி வைட்டமினில் கதையே தலைகீழ்: கீரையில் உள்ளதைவிடச் செயற்கை ஃபோலிக் அமிலம்தான் நன்றாக உறிஞ்சப்படுகிறது. கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் அந்த 400 மைக்ரோகிராம் மாத்திரையைச் செயற்கை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.