வைட் ரிசீவர் கோச் ஆளை வளர்க்கிறாரா, வந்த ஆளை வைத்து ஓட்டுகிறாரா? கண்ணால் பார்த்துக் கணக்குப் போடும் முறை

அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் ரிசீவர்களுக்கு, அதாவது எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர்களுக்கு, பயிற்சி தரும் கோச்சைப் பற்றிச் சண்டை வந்தால் முதலில் எடுத்து வீசப்படுவது டிராஃப்ட் பட்டியல்தான், அதாவது தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் காலேஜ் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் பட்டியல். ஒஹாயோ ஸ்டேட் ரசிகர் கையில் அது கனமான பட்டியல்: 2022-ல் காரெட் வில்சன் 10-ஆவது, கிறிஸ் ஒலாவே 11-ஆவது, 2023-ல் ஜாக்சன் ஸ்மித்-இன்ஜிக்பா 20-ஆவது, 2024-ல் மார்வின் ஹாரிசன் ஜூனியர் 4-ஆவது, 2025-ல் எமேக்கா எக்புகா 19-ஆவது. நான்கே டிராஃப்டில், முதல் சுற்றில் மட்டும் ஐந்து பேர். எல்லாம் அங்கே ரிசீவர் கோச்சாக இருந்த பிரையன் ஹார்ட்லைன் கைவண்ணம் என்பார் அவர். எதிராளி விடமாட்டார்: வில்சன், ஸ்மித்-இன்ஜிக்பா, எக்புகா மூவரும் பள்ளி ஆட்டக்காரர்களுக்குத் தரும் தரவரிசையில் உச்சமான ஐந்து ஸ்டாரோடு வந்தவர்கள், ஹாரிசன் நான்கு ஸ்டார், அவர்களை யார் கையில் கொடுத்தாலும் முதல் சுற்றுதான் என்பார். மூன்று ஸ்டாரோடு வந்த ஒலாவே பெயரை ஒருவரும் எடுக்கமாட்டார்கள். உண்மையில் பேச வேண்டியதே அவரைப் பற்றித்தான்.

பட்டியல் பொய் சொல்லவில்லை. ஆனால் அது பயணத்தின் கடைசி ஸ்டேஷனை மட்டும் சொல்கிறது. நடுவில் நடந்ததைப் பார்க்க, ஒரே ஆளின் முதல் வருட ஆட்டத்தையும் மூன்றாம் வருட ஆட்டத்தையும் அக்கம்பக்கமாக வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். வேலை கொஞ்சம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போதும்.

யாரைப் பார்ப்பது

நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள். அணியில் மூன்றாவது அல்லது நான்காவது ரிசீவராக, அங்கேயே குறைந்தது இரண்டு வருடம் இருக்கும் ஒருவரைப் பிடியுங்கள். இயற்கைத் திறமை கோச்சின் குறையை மூடி மறைக்கும். நடுத்தர ஆளிடம் மறைக்க ஒன்றும் இருக்காது. அவர் 20 ஸ்னாப்புக்கு மேல் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) ஆடிய பழைய ஆட்டம் இரண்டு, இப்போதைய ஆட்டம் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் குறைந்தது ஒரு ஆட்டம், ரிசீவரைக் காவல் காக்கும் கார்னர்பேக்குகள் முகத்துக்கு முகம் முட்டி நிற்கும், அதாவது பிரஸ் ஆடும், அணியோடு நடந்ததாக இருக்கட்டும். ஏழு யார்டு தள்ளி நிற்கும் கார்னரை எதிர்த்து எவனும் அழகாகத்தான் ஓடுவான்.

டிவி ஒளிபரப்பில் ஒரு தொல்லை உண்டு. ஸ்னாப் ஆன இரண்டாவது நொடியில் கேமரா பந்தை எறியும் குவாட்டர்பேக்கோடு சுருங்கிவிடும். 12 யார்டு தாண்டிப் போகிற ரிசீவர் படத்திலேயே இருக்கமாட்டார். 22 பேரும் தெரியும் காட்சி காலேஜ் ஆட்டங்களுக்கு ரசிகர் கைக்கு லேசில் கிடைக்காது. அதனால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். நிற்கும் விதமும் முதல் மூன்று அடியும் பெரும்பாலான ஸ்னாப்பில் ஓரத்திலாவது தெரியும். ரூட், அதாவது ரிசீவர் ஓட வேண்டிய பாதை, திரும்பும் இடத்துக்கு ரீப்ளே வேண்டும். எதிரணியின் 20 யார்டு கோட்டுக்குள் நடக்கும் ஆட்டம் அப்படியே தங்கச் சுரங்கம்: இடம் குறுகியதால் எல்லாரும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள்.

நோட்டில் மேலிருந்து கீழாக ஐந்து பத்தி: நிலை, ரிலீஸ் (கார்னரிடமிருந்து விடுபட்டுக் கிளம்புவது), திருப்பம், கை, பிளாக் (சக ஆட்டக்காரர் பந்தோடு ஓட எதிராளியைத் தடுப்பது). ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் சரி, தப்பு, தெரியவில்லை என்ற மூன்றில் ஒன்று. மதிப்பெண் 10-க்கு எவ்வளவு என்று போட ஆரம்பித்தால் உங்களையறியாமல் உங்கள் அணிக்கு 8 போட்டுவிடுவீர்கள்.

நிலை

ஸ்னாப் ஆகிற கணத்தில் படத்தை நிறுத்தி, முன்னங்காலைப் பாருங்கள். எடை முன்னங்கால் மேல் இருந்தால் முதல் அசைவே முன்னோக்கிப் போகும். எடை பின்னால் கிடந்தால், முன்னங்கால் ஒரு சாண் பின்னே வந்து ஊன்றிவிட்டுத்தான் கிளம்பும். இதைத்தான் பொய் அடி என்பார்கள். முதல் வருடப் பையனிடம் இது இருந்தால் குற்றமில்லை. பள்ளியில் வேகத்தை வைத்தே சமாளித்திருப்பான். மூன்றாம் வருடத்திலும் இருந்தால் அது கோச் கணக்கில்தான் சேரும். இதைச் சரிசெய்ய திறமையே தேவையில்லை, தினமும் யாராவது சொல்லிக்கொண்டிருந்தால் போதும்.

ரிலீஸ்

ஐந்து பத்தியில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். என்எஃப்எல்லில் 5 யார்டு தாண்டியபின் கார்னர் ரிசீவரைத் தொட்டுத் தடுக்கக் கூடாது. காலேஜில் அந்த 5 யார்டு விதி கிடையாது. எதிரே இருக்கும் ரிசீவரைப் பந்து காற்றில் ஏறும்வரை அதைத் தாண்டியும் தடுத்து நிறுத்தப் பார்க்கலாம். ஆக, கைச்சண்டை தெரியாத ரிசீவர் ரூட்டைத் தொடங்கும் முன்னரே முடிந்துபோகிறார்.

மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, கால் அதிருகிறதா, நகர்கிறதா. நின்ற இடத்திலேயே ஐந்தாறு முறை தடதடவென்று கால் மாற்றிக் கார்னரை ஏமாற்றுவது கைதட்டல் வாங்கும். ஆனால் அதற்குள் ஒன்றரை நொடி போயிருக்கும், எறிவதற்காகக் குவாட்டர்பேக் மூன்று எட்டு பின்வாங்கும் டிராப் முடிந்திருக்கும். நன்றாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டவர் இரண்டு அசைவுக்குள் கார்னரின் இடுப்பைத் திருப்பிவிட்டு முன்னே போய்விடுவார். இரண்டாவது, கை. கார்னரின் கை நெஞ்சில் பதியும் முன்பே மணிக்கட்டைத் தட்டிவிடுகிறாரா, பதிந்தபின் உதறுகிறாரா? பதிந்தபின் உதறுவது தாமதம்.

மூன்றாவது, பக்கக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம். இதை டிவியிலேயே அளக்கலாம். காலேஜ் மைதானத்தில் யார்டு எண்களின் மேல் நுனி பக்கக்கோட்டிலிருந்து 9 யார்டு, அடி நுனி 7 யார்டு. நேர் ஓட்ட ரூட்டில் ரிசீவர் கோட்டுக்கு உள்ளே 5 யார்டாவது விட்டு ஓட வேண்டும். அந்த இடைவெளிக்குள்தான் குவாட்டர்பேக் பந்தை இறக்க முடியும். கார்னர் தோளால் நெருக்கி நெருக்கி அவரைக் கோட்டிலிருந்து 2 யார்டுக்குத் தள்ளிவிட்டால், பந்து எவ்வளவு அழகாக வந்தாலும் வெளியேதான் விழும். அரங்கம் குவாட்டர்பேக்கைத் திட்டும். தப்பு ரிலீஸில் நடந்தது. கார்னரைத் தாண்டியதும் அவருக்கு நேர் முன்னால் போய் நின்றுகொண்டு முதுகைக் காட்டுகிறாரா என்றும் பாருங்கள். பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருப்பவர் தாண்டியும் தாண்டாதவர்தான்.

திருப்பம்

ரூட்டுகளுக்கு எண் கொடுக்கும் பழைய முறையில் ஒற்றை எண் வெளிப்பக்கம், இரட்டை எண் உள்பக்கம்: 2 ஸ்லான்ட், 4 கர்ல், 5 அவுட், 6 டிக், 8 போஸ்ட், 9 நேர் ஓட்டம். உங்கள் ஆள் ஒரு ஆட்டத்தில் எத்தனை விதமான ரூட் ஓடினார் என்று குறியுங்கள். மூன்று வருடமாக 2-ம் 9-ம் மட்டும் ஓடினால், கோச் வளர்க்கிறார் என்று சொல்ல ஆதாரமே இல்லை.

ஆழத்தை எண்ணுவது சுலபம், ஒவ்வொரு 5 யார்டுக்கும் கோடு கிடக்கிறது. 10 யார்டில் திரும்ப வேண்டிய அவுட் ரூட்டை 8-ல் முடித்தால், 10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் மூன்றாவதில், அதாவது மூன்றாம் டவுனில், 9 தேவைப்படும்போது கேட்ச் பிடித்தும் பயனில்லை. திரும்பும் முன் இரண்டு மூன்று அடியில் இடுப்பு தாழ வேண்டும், நெஞ்சு முழங்காலுக்கு மேலேயே இருக்க வேண்டும். நெஞ்சு நிமிர்ந்தால் அது கார்னருக்குத் தந்தி கொடுத்த மாதிரி. பிரேக் போடப்போகிறான் என்று அவர் படித்துவிடுவார். இன்னொரு தப்பு, திருப்பத்தை வளைத்து ஓடுவது. வளைத்தால் வேகம் குறையாது, பார்க்க வழவழப்பாக இருக்கும், ஆனால் கார்னர் உள்வட்டத்தில் குறுக்கே வந்து பந்தைப் பறித்துப் போவார். இன்டர்செப்ஷன் எண்ணிக்கை குவாட்டர்பேக் பெயரில் ஏறும்.

கையும் பிளாக்கும்

கை பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் எல்லாரும் ஏற்கெனவே அதைத்தான் பார்க்கிறார்கள். நெஞ்சுக்கு மேல் வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் சேர வேண்டும், இடுப்புக்குக் கீழ் வந்தால் சுண்டுவிரல்கள். மார்போடு அணைத்துப் பிடிப்பவரிடம் வேகப் பந்து துள்ளிப் போகும். நழுவல் விகிதம் என்பது நழுவியதை, பிடித்ததும் நழுவியதும் சேர்ந்த தொகையால் வகுப்பது: 36 பிடித்து 4 விட்டால் 10 சதவீதம். அடுத்த வருடம் 38 பிடித்து 2 விட்டால் 5 சதவீதம். பாதியாகக் குறைந்துவிட்டது என்று குதிக்கத் தோன்றும். உண்மையில் மாறியது இரண்டே பந்து. இதை வைத்து எந்தக் கோச்சையும் தூக்கவும் வேண்டாம், தூற்றவும் வேண்டாம்.

பிளாக் அப்படியல்ல. எதிரே வரும் கார்னருக்கு இரண்டு யார்டு தூரத்தில் வேகம் தணித்து, கால் அகட்டி, கையை நெஞ்சுக்குள் வைத்து, அவர் போகும் பக்கமெல்லாம் கூடவே நகர வேண்டும். பாய்ந்து முட்டினால் கார்னர் ஒதுங்கிக்கொள்வார். கை தோளுக்கு வெளியே போனால் ஹோல்டிங், 10 யார்டு தண்டம். யாரும் பாராட்டாத வேலை இது. நான்காவது ரிசீவர்கூட இதை ஒழுங்காகச் செய்கிறார் என்றால், அந்த அணியின் ரிசீவர் அறைக்குள் கோச் சொன்னால் நடக்கிறது என்று அர்த்தம்.

எண்ணிக்கையிலிருந்து எதைக் கழிப்பது

ஜஸ்டின் ஜெஃபர்சன் எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட்) அணிக்குப் பெரிய ஸ்டார் எதுவும் இல்லாமல் வந்தார். 2017-ல் ஒரு கேட்ச்கூட இல்லை, 2018-ல் 54 கேட்ச், 875 யார்டு, 2019-ல் 111 கேட்ச், 1,540 யார்டு. வளர்ச்சி என்றால் இதுதான் என்று தோன்றும். வளர்ந்தார், சந்தேகமில்லை. ஆனால் அதே 2019-ல் குவாட்டர்பேக் ஜோ பர்ரோ 60 டச்டவுன் எறிந்தார், ஜா'மார் சேஸ் மறுபக்கம் 1,780 யார்டு எடுத்தார், தாக்குதல் முறையே மாறியிருந்தது. கேட்ச் எண்ணிக்கை இரட்டிப்பானதில் எவ்வளவு ரிசீவர் கோச்சுக்கு, எவ்வளவு மற்றவர்களுக்கு என்று எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ரிலீஸ் பத்தியில் 2018-க்கும் 2019-க்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தால்தான் பிரியும்.

எதிர்ப்பக்க உதாரணம் டெரி மெக்லாரின். ஒஹாயோ ஸ்டேட்டில் கடைசி வருடமான 2018-ல் 35 கேட்ச்தான், 701 யார்டு. 2019 டிராஃப்டில் 76-ஆவதாகப் போனார், முதல் என்எஃப்எல் பருவத்திலேயே 58 கேட்ச், 919 யார்டு. கேட்ச் எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் கண்ணில் படவே இல்லை.

ஆட்ட முறையையும் கழிக்க வேண்டும். 2022-ல் டென்னசியின் ஜாலின் ஹயட் 1,267 யார்டு, 15 டச்டவுன் எடுத்து, சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது வாங்கினார். அலபாமாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 5 டச்டவுன். அந்த அணி ரிசீவர்களைப் பக்கக்கோட்டை ஒட்டியே நிறுத்தி நடுவில் பெரிய வெளியைத் திறந்துவிடும். அங்கே ஸ்லாட்டிலிருந்து, அதாவது ஓர ரிசீவருக்கு உள்பக்கத்திலிருந்து, கிளம்பும் வேகக்காரரை யாரும் முட்டி நிறுத்துவது அபூர்வம். ரிலீஸ் பத்தியில் பாதி "தெரியவில்லை" என்றுதான் விழும். அது அவர் குறையல்ல. ஆனால் அதை வைத்து ரிலீஸ் தெரியும் என்றும் சொல்லக் கூடாது.

மைதானமும் கணக்கில் வரும். பந்தை எங்கே வைத்துத் தொடங்குவது என்பதை வரையறுக்கும் ஹாஷ் கோடுகளுக்கு நடுவே காலேஜில் 40 அடி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம்தான். மைதான அகலம் 160 அடி. ஆக, பந்து ஒரு ஹாஷில் இருந்தால் குறுகிய பக்கம் 60 அடி, அகலப் பக்கம் 100 அடி. உங்கள் ஆள் எப்போதும் அகலப் பக்கமே நின்றால் அவருக்கு இடம் தாராளம். எந்தப் பக்கம் நின்றார் என்பதை ஸ்னாப் எண்ணுக்குப் பக்கத்தில் "அ", "கு" என்று ஒரு எழுத்தில் குறித்துவிடுங்கள்.

எண் ஒன்றுதான் வேண்டும் என்றால், ஓடிய ரூட்டுக்கு எத்தனை யார்டு என்பதை எடுங்கள். 300 ரூட் ஓடி 600 யார்டு என்றால் 2.0. ஒரே ஆளை வருடத்துக்கு வருடம் ஒப்பிட இது உதவும். ஆனால் ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் கொடுக்கும் ஸ்கிரீன் பாஸ்களைக் கழித்துவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் ஓட்டக்காரனை ரூட்காரன் என்று நினைத்துவிடுவீர்கள்.

காலக்கெடுவும் போர்ட்டலும்

கோச்சுக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், பருவம் இல்லாதபோது 8 மணி நேரம், வசந்தகாலப் பயிற்சி 15 நாள். 20 மணி நேரத்திலும் கூட்டம், எடைப்பயிற்சி, முழு அணிப் பயிற்சி எல்லாம் போக, ரிசீவர்களோடு மட்டும் அவர் இருப்பது நாளுக்குச் சில பத்து நிமிடம். அதனால் முதல் வருடத்தில் நிலையும் பிளாக்கும் சரியாகியிருந்தால் போதும், இரண்டாம் வருடம் ஆழமும் திருப்பமும், மூன்றாம் வருடம் பிரஸை உடைக்கும் ரிலீஸ். இந்த வரிசையில் பின்தங்கினால்தான் குறை சொல்லலாம். 2018-லிருந்து நான்கு ஆட்டம் வரை ஆடியும் அந்த வருடத்தை ரெட்ஷர்ட் ஆக்கிக்கொள்ளலாம், அதாவது ஆடத் தகுதியுள்ள வருடக் கணக்கில் சேராமல் வைத்துக்கொள்ளலாம் என்பதால், பழைய ஆட்டம் தேடும்போது அந்த நான்கும் நல்ல இடம்.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு காலேஜிலிருந்து மாறி வந்த ஆளைக் கணக்கில் சேர்ப்பதுதான் இப்போதெல்லாம் பெரிய சிக்கல். ஜேமிசன் வில்லியம்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டில் இரண்டு வருடத்தில் 15 கேட்ச்; 2021-ல் அலபாமா போய் 79 கேட்ச், 1,572 யார்டு; 2022 டிராஃப்டில் 12-ஆவது. இரண்டு பக்கமும் அவரைத் தன் பட்டியலில் போட்டுக்கொள்கிறது. ஒஹாயோ ஸ்டேட்டில் வில்சன், ஒலாவே இருவரும் அவருக்கு முன்னால் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இப்படிப்பட்டவருக்கு இரண்டு தாள் போடுங்கள்: பழைய இடத்தின் கடைசி 40 ஸ்னாப், புது இடத்தின் முதல் 40 ஸ்னாப். நிலை, திருப்பம், பிளாக் மூன்றும் இரண்டு தாளிலும் ஒன்றாக இருந்தால் மாறியது வாய்ப்பு மட்டுமே, கற்றது பழைய அறையில். வித்தியாசம் புது இடத்தின் முதல் ஆட்டத்தில் இல்லாமல் எட்டாவது ஆட்டத்தில் தென்பட்டால், அந்தப் பங்கைப் புதுக் கோச் பெயரில் எழுதலாம்.