முன்னெச்சரிக்கை: சொல்லிலும் பொருளிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலம் வந்துவிட்டால் செய்தித்தாள் முதல் வாட்ஸ்அப் வரை 'முன்னெச்சரிக்கை'தான். அதிகம் புழங்கும் இந்தச் சொல்லைப் பிழையில்லாமல் எழுத வேண்டாமா?

அடிக்கடி கண்ணில் படும் பிழை, 'முன்னெச்சறிக்கை'. உள்ளே 'அறிக்கை' இருப்பதாக நினைத்து வல்லின றகரம் போட்டுவிடுகிறார்கள். அறிக்கைக்கும் இதற்கும் உறவே இல்லை. கன்னடத்தில் 'எச்சர' என்றால் விழிப்பு, 'எச்சரிகெ' என்றால் எச்சரிக்கை, தெலுங்கில் 'ஹெச்சரிக'. 'ஜாக்கிரதை'யும் அப்படியே. விழித்திருக்கும் நிலையைச் சொல்லும் வடசொல் 'ஜாக்ரத்'. சைவ சாத்திரங்களில் சாக்கிரம் (விழிப்பு), சொப்பனம் (கனவு), சுழுத்தி (ஆழ்ந்த உறக்கம்) என வரும் வரிசையின் முதல் சொல்லும் அதுவே. எனவே 'ஜாக்கிறதை'யும் பிழைதான். நாம் 'விழிப்பா இரு' என்கிறோமே, அதே எண்ணம் தமிழ், கன்னடம், வடமொழி என மூன்று மொழிகளிலும் ஓடுவது எனக்குப் பெரிய வியப்பு.

'முனெச்சரிக்கை' என ஒரு னகர மெய்யை விழுங்குவோரும் உண்டு. தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வந்தால் இரட்டிக்கும்: கண்ணழகு, முன்னெச்சரிக்கை.

பொருளில், விடுப்பது எச்சரிக்கை, எடுப்பது முன்னெச்சரிக்கை நடவடிக்கை. துறைமுகத்தில் ஏற்றுவது புயல் எச்சரிக்கைக் கூண்டு. அதைப் பார்த்துப் படகை மேடேற்றிக் கட்டுவது முன்னெச்சரிக்கை. ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் போன்ற பெயர்களில் மட்டும் அது 'முன்கூட்டித் தரும் எச்சரிக்கை'. அதற்காக 'முன்கூட்டியே முன்னெச்சரிக்கையாக' என்று எழுத வேண்டாம். ஒரு 'முன்' போதும்.

பெரிய தவறு குறளில் நடக்கிறது.

'வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர்
வைத்தூறு போலக் கெடும்' (435)

தமிழக அரசின் 'வருமுன் காப்போம்' மருத்துவத் திட்டம் 1999-இல் வந்த பிறகு, இதை நோய்த்தடுப்புக் குறளாகவே பலர் சொல்கிறார்கள். 'வைத்தூறு' என்பதை 'வைத்த ஊறு' என்று பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். அது வை + தூறு, வைக்கோல் போர். குறள் இருப்பதோ 'குற்றங்கடிதல்' அதிகாரத்தில். வருமுன் காக்கச் சொல்வது நம்மிடமே முளைக்கும் குற்றத்தை. பரிமேலழகர் உரையும் அப்படித்தான்.

மருத்துவ முகாம் பதாகைக்குக் குறள் வேண்டுமென்றால் 'அறிவுடைமை'யில் இருக்கிறது:

'எதிரதாக் காக்கும் அறிவினார்க் கில்லை
அதிர வருவதோர் நோய்' (429)

எதிரதாக் காத்தல் என்றால் வரவிருப்பதை முன்பே அறிந்து காத்தல். இங்கே 'நோய்' என்றால் துன்பம். காய்ச்சலும் அதில் அடக்கம், வெள்ளமும் அடக்கம்.