ஆசையை ஒழிக்கக் கிளம்பியவர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் தியானத்துக்கு உட்காருவோம். போன மாதம் புதிதாக வந்த தம்பி ஒருவன், "அண்ணா, வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். ஆசைதானே எல்லாத் துன்பத்துக்கும் காரணம்?" என்றான். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய நானே எதிரில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. போனை அணைக்க மறப்பது, உட்கார்ந்தபடி தூங்கி விழுவதெல்லாம் போகப்போகத் தானாகச் சரியாகிவிடும். புதிதாகத் தியானத்துக்கு வருகிறவர்கள் செய்யும் இந்தத் தவறுகள் அப்படிச் சரியாவதில்லை.

மூச்சை இழுத்துப் பிடிப்பது

இது பிராணாயாமம் இல்லை. மூச்சு அது பாட்டுக்கு வந்து போகட்டும்.

'ஆசையே துன்பத்துக்குக் காரணம்'

ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்த வரி. பாதிப் பேர் இதைச் சுமந்துகொண்டுதான் பௌத்தத்துக்குள் வருகிறார்கள். சாரநாத்தில் நிகழ்ந்த முதல் உபதேசத்தில் புத்தர் சொன்னது 'தண்ஹா'. பாலி மொழியில் தாகம் என்று பொருள். மணிமேகலை அதை 'வேட்கை' என்கிறது. துன்பம் எப்படி ஒன்றைச் சார்ந்து ஒன்றாகத் தோன்றுகிறது என்று சொல்லும், பேதைமையில் தொடங்கும் பன்னிரண்டு சார்புகளில் நுகர்ச்சிக்கும் பற்றுக்கும் நடுவில் அது நிற்கிறது. இவ்வளவு கச்சிதமான சொல் நம்மிடமே இருக்க, 'ஆசை' என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம். எனக்கு இன்னும் எரிச்சல் வருவது அதில்தான்.

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. முதல் பத்து நாள் தியான முகாம் முடித்துவிட்டு வந்த வருஷம், எனக்கு எதிலும் ஆசையில்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன். கண் மங்கலாகத் தெரிகிறது என்று அப்பா சொன்னார். உடம்பு அநித்தியம்தானே, நிலைக்காததுதானே என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவும் செய்தேன். ஆறு மாதம் கழித்துப் போனால் குளுக்கோமா. போன பார்வை திரும்பி வராது என்றார் டாக்டர். அப்பா என்னைக் குறை சொல்லவில்லை. மனைவி சொன்னாள், சரியாகவே சொன்னாள்.

நான் சமநிலை என்று நினைத்தது வெறும் அக்கறையின்மை. பௌத்த உரையாசிரியர் புத்தகோசர், விசுத்திமக்கம் என்ற தம் நூலில் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்: சமநிலையின் அருகிலிருக்கும் பகைவன். விருப்பும் வெறுப்பும் தூரத்துப் பகைவர்கள், பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும். இது அசல் போலவே இருப்பதால் வருஷக்கணக்கில் ஏமாறலாம். போதாக்குறைக்கு, தண்ஹாவின் மூன்று வகைகளில் ஒன்று விபவ தண்ஹா. எதுவும் இல்லாமல் போய்விட வேண்டும் என்ற வேட்கை. 'எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்று முறுக்கிக்கொண்டு நின்றேனே, அதுவே ஒரு தாகம்தான்.

தம்பிக்குப் புத்தரின் சீடர் ஆனந்தர் கதையைச் சொன்னேன். கோசாம்பி நகரில் உண்ணாபர் என்ற பிராமணர் அவரை மடக்குகிறார்: விருப்பத்தை விடத்தான் இந்த வாழ்க்கை என்கிறீர், அதற்கும் விருப்பம் வேண்டும் என்கிறீர், இது முடியவே முடியாதே? ஆனந்தர் திருப்பிக் கேட்கிறார்: பிக்குகள் தங்கும் இந்த ஆராமத்துக்கு வர வேண்டும் என்ற விருப்பம் முன்பு இருந்ததா? இருந்தது. வந்து சேர்ந்த பிறகு? அடங்கிவிட்டது. அவ்வளவுதான். இந்த விருப்பத்துக்குப் பாலியில் 'சந்த' என்று பெயர். சித்திக்கு, அதாவது தியானத்தில் கைகூடும் ஆற்றலுக்கு, அடிப்படையான நான்கில் முதலாவதே அதுதான். அது இல்லாமல் காலை நான்கரைக்கு யார் எழுந்திருப்பது?

தியானத்தில் வெளிச்சம் தெரிந்தது என்று பெருமைப்படுவது

தெரிந்தால் தெரியட்டும்.

சீலத்தைத் தாண்டிக் குதிப்பது

எண்வழிப் பாதையில் பேச்சு, செயல், பிழைப்பு மூன்றும் நேராக இருக்க வேண்டும் என்ற பகுதிதான் சீலம். அதை எல்லாரும் தாண்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். பகலில் சொன்ன பொய்தான் மறுநாள் உட்கார்ந்ததும் முதல் ஆளாக வந்து நிற்கும்.

அந்தத் தம்பி என்ன வேலை பார்க்கிறான் என்று கடைசியில்தான் கேட்டேன். கடன் வசூலாம். தவணை கட்டாதவர்களை நாளெல்லாம் போனில் மிரட்ட வேண்டும். "ராத்திரி தூக்கமே வர்றதில்லண்ணா" என்றான். விடு தம்பி, ஆனால் வேறு வேலை பார்த்துக்கொண்டு விடு என்றேன். அதற்கு 'ஆசை' என்று காரணம் இழுக்க வேண்டிய அவசியமே இல்லை.