வெள்ளியங்கிரி ஏறப் போகிறீர்களா? பை கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோவை அருகே ஏழு மலை ஏறிப் போகும் வெள்ளியங்கிரிக்கு முதல் முறை போனபோது என் பையில் பவர் பேங்க் இரண்டு இருந்தன, மாற்றுச் சட்டை ஒன்றுகூட இல்லை. விடியலுக்காக ஏழாவது மலையில் ஈர பனியனோடு ஒரு மணி நேரம் பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தேன். அது ஏப்ரல் மாதம், கீழே கோவையில் கொளுத்திக்கொண்டிருந்தது.

1. முதலில் குளிரைக் கணக்குப் போடுங்கள். பூண்டி அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி இறங்கும். அது போக மேலே காற்று, உடம்பில் வியர்வை. முதல் மலைப் படிகளிலேயே சட்டை நனைந்துவிடும், அதனால் ஏறும்போது ஸ்வெட்டர் போடாதீர்கள்.

2. ஏற ஒன்று, உட்கார ஒன்று. ஏறுவதற்கு விளையாட்டு ஜெர்சி, டிராக் பேன்ட். பருத்தி நனைந்தால் லேசில் காயாது, ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். உச்சியில் போட உலர்ந்த சட்டை, ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா. இவற்றை பாலிதீன் பையில் கட்டாதீர்கள், அடிவாரத்தில் வனத்துறையினர் பையைச் சோதித்து பிளாஸ்டிக்கை எடுத்துவிடுவார்கள். நான் ரெயின்கோட்டை விரித்து, துணியை உள்ளே வைத்து, பாய் மாதிரி சுருட்டிக்கொள்கிறேன். முதுகு வியர்வையும் உள்ளே போகாது, மழை வந்தால் கோட்டும் கையில் இருக்கும். ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் குளிக்கும் எண்ணம் இருந்தால் ஒரு துண்டு.

3. கால். பலர் வெறுங்காலோடு ஏறுகிறார்கள். பழக்கமில்லாதவர்கள் ஷூ போடலாம், ஆனால் புது ஷூ கூடாது. இரண்டு நாள் முன்பே கால் நகத்தை வெட்டிவிடுங்கள். இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் கட்டைவிரல் ஷூவின் முனையில் இடிக்கும். நகம் நீளமாக இருந்தால் கறுத்துப்போய், அப்புறம் விழுந்தே விடும்.

4. வெளிச்சம். பெரும்பாலும் இரவில்தான் ஏறுவோம். ஒரு கையில் மூங்கில் தடி இருக்கும் (அடிவாரத்திலேயே விற்கிறார்கள், வீட்டிலிருந்து தூக்கி வராதீர்கள்). இன்னொரு கை பாறையைப் பிடிக்க வேண்டும். ஆகவே தலையில் மாட்டும் டார்ச்தான் சரி. செல்போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம்.

5. தண்ணீர், தீனி. ஸ்டீல் பாட்டிலில் ஒன்றரை லிட்டர் போதும், வழியில் சுனைகள் உண்டு. கோடையில் அவை வற்றியிருக்கலாம், அடிவாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடலை மிட்டாய், பேரீச்சை, ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்து டப்பாவில் போடுங்கள்.

6. கடைசியாக ஒரு ஒத்திகை. பையைக் கட்டி முதுகில் மாட்டி, மாடிப்படியை நான்கு முறை ஏறி இறங்குங்கள். தோள் வலித்தால் பையைத் தரையில் கொட்டி, முதலில் அந்த இரண்டாவது பவர் பேங்கை எடுத்து வெளியே வையுங்கள்.