நடந்தும் இறங்காத சர்க்கரை: எங்கே தவறுகிறோம்?

எங்கள் பகுதிப் பூங்காவில் எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்த நடைபாதை ஒன்று உண்டு. காலை ஆறு மணிக்கெல்லாம் அதில் ஆள் நிறைந்துவிடும். என் பெரியப்பா பத்து வருஷமாக அங்கே போகிறார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வெறுங்காலோடு இருபது சுற்று. முடித்ததும் வாசலில் இருக்கும் கடையில் நண்பர்களோடு ஒரு டீ, இரண்டு மெதுவடை. ஏழரைக்கு வீடு திரும்பினால் மதியச் சாப்பாடு வரைக்கும் நாற்காலியும் டிவியும்தான். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 8.6 சதவீதம். “ஒரு நாள் விடாம நடக்கிறேன். இதுக்கு மேல என்னடா பண்றது?” என்று ரிப்போர்ட்டை என்னிடம் நீட்டினார்.

கேள்வி நியாயமானது. உடற்பயிற்சி சர்க்கரையைக் குறைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிக் குறைக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நாம் செய்யும் தவறுகளில் பாதி அங்கிருந்துதான் வருகின்றன.

சாப்பிட்ட சோறு ரத்தத்தில் சர்க்கரையாக மாறியதும் அதை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய கிடங்கு நம் தசைதான். அந்தக் கிடங்கின் முன்வாசலைத் திறக்க இன்சுலின் வேண்டும். டைப் 2 சர்க்கரை நோயில் இன்சுலின் வந்து தட்டினாலும் கதவு சரியாகத் திறப்பதில்லை. ஆனால் தசை வேலை செய்யும்போது பின்வாசல் ஒன்று திறந்துகொள்கிறது. அதற்கு இன்சுலின் தேவையில்லை. வேலை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் வரைக்கும் முன்வாசல்கூட முன்பைவிடச் சுலபமாகத் திறக்கும். உடற்பயிற்சியின் மருந்துக் குணம் என்பது பெரும்பாலும் இதுதான்.

இதைப் பிடித்துக்கொண்டால் முதல் தவறு தானாகவே விளங்கும். ஐந்து நாள் ஆபீஸில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஷட்டில் ஆடினால், அதன் பலன் செவ்வாய்க்கிழமையோடு கரைந்துபோகும். மூட்டு வலிதான் வெள்ளி வரைக்கும் மிஞ்சும். சர்க்கரை உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

பெரியப்பா ஒரு நாளும் விடுவதில்லை. அவர் பிரச்சினை வேறு. அந்த நடையில் வேகமே இல்லை. எட்டுப் பாதையில் முன்னால் போகிறவரை இடிக்காமல், அரசியல் பேசிக்கொண்டே போவது உலாத்தல்; தசைக்கு அது பெரிய வேலை இல்லை. வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் மிதமான பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன கணக்கு, இப்படி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். தினமும் பத்தாயிரம் அடி என்று கையில் வாட்ச் கட்டிக்கொண்டு தவிப்பவர்களுக்கு ஒரு தகவல்: அந்த எண் எந்த ஆய்விலும் பிறந்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது.

அடுத்தது நேரம். விடிகாலையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டால் அன்றைய கடமை முடிந்தது என்ற நினைப்பு நம்மிடம் ரொம்ப ஆழமாக இருக்கிறது. ஆனால் நமக்குச் சர்க்கரை எகிறுவது சாப்பாட்டுக்குப் பிறகுதானே? நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், டைப் 2 நோயாளிகள் 41 பேரை ஒரு கட்டத்தில் தினமும் ஒரே மூச்சில் 30 நிமிடமும், இன்னொரு கட்டத்தில் ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடமும் நடக்கச் சொன்னார்கள். மொத்த நேரம் ஒன்றுதான். பிரித்து நடந்தபோது சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம். இரவு எட்டரைக்கு நான்கு இட்லியோ மூன்று சப்பாத்தியோ சாப்பிட்டு அப்படியே சாய்கிற நம் வீடுகளுக்கு இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை. மொட்டை மாடி போதும்.

“எடையே குறையலையே” என்று ஆறு வாரத்தில் கைவிடுபவர்கள் ஏராளம். சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இவர்களுக்காகவே நடந்த மாதிரி இருக்கும். 2006-இல் வெளியான அந்த ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் இரண்டரை ஆண்டுகள் கவனித்தார்கள். உணவையும் நடையையும் சீராக்கியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 26.4 சதவீதம். இத்தனைக்கும் எடை சொல்லிக்கொள்ளும்படி இறங்கவில்லை. எடை குறைந்தால் பலன் கூடும், அது வேறு விஷயம். முள் நகரவில்லை என்பதற்காகப் பலனே இல்லை என்று முடிவு கட்டுவதுதான் தவறு. வடை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அரை மணி நேர நடையில் செலவாவது ஏறக்குறைய 150 கலோரி. ஒரு டீயும் இரண்டு வடையும் அதை வாசலிலேயே திருப்பி வாங்கிக்கொள்ளும்.

நடை மட்டும் போதும் என்று நினைப்பதும் தவறு. நம் ஆட்களுக்குப் பொதுவாக அதே எடையுள்ள ஐரோப்பியரைவிடத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். கிடங்கே சின்னது என்றால் வாசலை எவ்வளவு திறந்து என்ன? வாரம் இரண்டு நாளாவது தசைக்குப் பாரம் கொடுக்க வேண்டும். ஜிம்முக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், முழங்கால் ஒத்துழைத்தால் தோப்புக்கரணம். தம் கட்டாமல், எழும்போது மூச்சை வெளியே விட்டுச் செய்ய வேண்டும். சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்கசிவு இருப்பவர்கள் கண் மருத்துவரைக் கேட்காமல் கனமான எதையும் தூக்கவே கூடாது.

பெரியம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. அவரை யாரும் பூங்காவுக்குக் கூப்பிட்டதில்லை. “அவளுக்கு வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே” என்பார் பெரியப்பா. அடுப்படியில் மூன்று மணி நேரம் நிற்பது கால் வலிதான், பயிற்சி அல்ல.

இனி, நன்மை தேடிப் போய்த் தீமையோடு திரும்பும் இரண்டு இடங்கள். ஒன்று, அந்தக் கூழாங்கல். சர்க்கரை பல வருஷமானால் பாதத்தில் உணர்ச்சி மங்கும். கல் குத்துவது தெரியாது, கொப்புளம் தெரியாது, இரண்டு நாள் கழித்துக் காலுறையில் ஈரத்தைப் பார்த்தால்தான் புண் தெரியும். பெரியப்பாவின் இடது கட்டைவிரலுக்குக் கீழே காய்த்துப்போயிருந்த இடத்தில் பேனா மூடியால் அழுத்தினேன். “எப்போ அழுத்துவே?” என்று கேட்டார். அன்றைக்கே ஷூ வாங்கப் போனோம். கால் மரத்தவர்கள் வெறுங்காலோடு கல்லில் நடக்கக் கூடாது. தினமும் இரவில் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, லோ சுகர், அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும்தான் கவனமாக இருக்க வேண்டும். மருந்தை எடுத்துவிட்டு வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் முன்வாசல், பின்வாசல் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் வந்தால் உடனே நின்று மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் சாப்பிட வேண்டும். கால் மணி நேரம் கழித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். சட்டைப் பையில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். பிபிக்கு அட்டெனலால், மெட்டோபுரலால் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பு தெரியாமல் போகலாம், வியர்வைதான் துப்பு. கடுமையாக உழைத்த நாளின் நள்ளிரவில்கூடச் சர்க்கரை இறங்கலாம்.

நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, தாடையும் இடது கையும் வலித்தாலோ, வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ அதை வாயு என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டிருக்காதீர்கள். அங்கேயே நில்லுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெரியப்பா இப்போது ஷூ போட்டு, எட்டை விட்டுவிட்டு வெளிவட்டப் பாதையில் நடக்கிறார். இரவில் இருவரும் மாடியில் பத்து நிமிடம். மூன்று வாரத்தில் காலைச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியதும், “மாத்திரையை நிறுத்திடவா?” என்று ஆரம்பித்தார். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றேன். டாக்டர் அளவைக் குறைக்கலாம், நாமாக நிறுத்தினால் அடுத்த ரிப்போர்ட்டில் 8.6 திரும்ப வந்து நிற்கும். சரி என்று ஒத்துக்கொண்டார். வடை ஒன்றாகக் குறைந்திருக்கிறது. டீயில் சர்க்கரையைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.